காசு போடாமல் சூப்பர்ஹீரோ கேம் ஆடுவது: எனர்ஜி, கோல்டு, பெட்டி, கிஃப்ட்

கேள்வி இது: "ஃபேஸ்புக் கணக்கை வைத்து ஆடும் இலவச சூப்பர்ஹீரோ கேம் ஒன்றை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. சண்டை போடத் தேவையான எனர்ஜி எப்போது பார்த்தாலும் தீர்ந்திருக்கிறது. சேர்த்த கோல்டு எங்கே போனதென்றே தெரியவில்லை. ஐந்தாவது சாப்டரின் கடைசியில் வரும் பெரிய எதிரியான பாஸிடம் திரும்பத் திரும்பத் தோற்கிறேன். பணம் கட்டாமல் இதற்கு மேல் போக முடியுமா, இல்லை பணம் கட்ட வைக்கத்தான் இப்படிச் செய்திருக்கிறார்களா?"

இரண்டுமே உண்மை. நீங்கள் மாட்டிக்கொண்ட மூன்று இடங்களும் தெரிந்தே வைக்கப்பட்ட இடங்கள்தான். ஆனால் அந்த மூன்றையும் காசு இல்லாமல் தாண்ட முடியும். அதற்கு ஒரே ஒரு விஷயம் பிடிபட வேண்டும்: பொறுத்திருந்தால் தானாக வருவது எது, எவ்வளவு பொறுத்தாலும் சொட்டுச் சொட்டாக மட்டுமே வருவது எது. முதல் வகைக்காக இரண்டாம் வகையைச் செலவழிக்கும் ஒவ்வொரு முறையும் பின்னால் போகிறீர்கள். கோல்டு காணாமல் போனது இப்படித்தான் இருக்கும்.

இந்த வகை கேம்களின் அச்சு எப்படி இருக்கும் என்பதற்கு மார்வெல்: அவெஞ்சர்ஸ் அலையன்ஸ் நல்ல உதாரணம். டிஸ்னிக்குச் சொந்தமான பிளேடம் நிறுவனம் 2012-ல் ஃபேஸ்புக்கில் வெளியிட்டது. 2016 செப்டம்பர் 30-ஆம் தேதி மூடிவிட்டார்கள். அதில் நீங்கள் மார்வெல் கதைகளில் வரும் ஷீல்டு என்ற உளவு அமைப்பின் ஒரு ஏஜென்ட். உங்களோடு இரண்டு ஹீரோக்கள். எதிரே மூன்று பேர் வரை. மாறி மாறி அடிக்கும் சண்டை. சில்வர், கோல்டு, கமாண்ட் பாயின்ட், ஷீல்டு பாயின்ட் என்று பலவகைப் பணம். ஹீரோவின் லெவலை ஏற்றினால் பயிற்சி முடியக் காத்திருப்பு, ஆராய்ச்சிக்கும் காத்திருப்பு. நண்பர்களுக்கு கிஃப்ட் அனுப்பினால் அவர்களிடமிருந்து கிஃப்ட். அதற்குப் பிறகு வந்த சூப்பர்ஹீரோ கேம்கள் பலவற்றிலும் பெயர்தான் மாறியிருக்கிறது, எலும்புக்கூடு இதே.

முதலில் எனர்ஜி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கொள்ளளவு 60, ஆறு நிமிடத்துக்கு 1 ஏறுகிறது, ஒரு சண்டைக்கு 10 போகிறது என்று வையுங்கள். உங்கள் கேமில் எண் வேறாக இருக்கலாம், முறை இதுதான். 60 நிரம்ப ஆறு மணி நேரம். நிரம்பிய பிறகு ஏறுவது நின்றுவிடும். ஒரு நாளில் ஏறக்கூடியது மொத்தம் 240, அதாவது 24 சண்டை. காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை திறந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆடுகிறவருக்குக் கிடைப்பது 120 சொச்சம்தான். பாதி வீண். அதையே காலை 7, மதியம் 1, மாலை 7, இரவு 11 என்று நாலு தடவை ஐந்தைந்து நிமிடம் எட்டிப் பார்ப்பவருக்கு 60, 60, 60, 40 என்று 220 கிடைக்கிறது. தூங்கும் நேரத்தில் வழிந்துபோகும் 20 மட்டும்தான் நஷ்டம். கேமில் செலவிட்ட மொத்த நேரம் குறைவு, கிடைத்த சண்டை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எனர்ஜி எப்போதும் தீர்ந்திருக்கிறது என்பது உண்மையில் நல்ல அறிகுறி. நிரம்பி நிற்கிறதே என்றுதான் கவலைப்பட வேண்டும்.

இன்னொன்று. பெரும்பாலான கேம்களில் உங்கள் லெவல் ஏறும்போது எனர்ஜி முழுதாக நிரப்பப்படும். 45 கையில் இருக்கும்போது லெவல் ஏறினால் உங்களுக்குக் கிடைப்பது 15. கையில் 3 இருக்கும்போது ஏறினால் 57. ஆகவே எக்ஸ்பி (லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளி) பட்டை நிறையப் போகிறதென்று தெரிந்தால், எக்ஸ்பி குறைவாகத் தரும் சண்டைகளில் எனர்ஜியைத் தீர்த்துவிட்டு, கடைசிச் சண்டையில் லெவல் ஏறுங்கள். நிரம்பிய அளவுக்கு மேலும் சேர்த்து வைக்க அனுமதிக்கும் கேம்களில் இந்தக் கவலை வேண்டாம். எது என்று ஒருமுறை சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோல்டு விஷயத்துக்கு வருவோம். சில்வர் ஆடினால் வரும். எனர்ஜி காத்திருந்தால் வரும். பயிற்சி நேரம் தூங்கி எழுந்தால் முடிந்திருக்கும். கோல்டும், ஹீரோவை வாங்கப் பயன்படும் பாயின்டும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். எனவே கோல்டைக் கொடுத்து எனர்ஜி நிரப்புவது, பயிற்சியை உடனே முடிப்பது, தோற்ற ஹீரோவை எழுப்புவது, இந்த மூன்றையும் அடியோடு நிறுத்துங்கள். ஆரம்பப் பாடத்திலேயே "கோல்டு கொடுத்து உடனே முடி" பொத்தானை ஒருமுறை அழுத்தச் சொல்வார்கள். அது கேமைக் கற்றுத்தருவதற்கு வைத்த படி இல்லை, கையைப் பழக்குவதற்கு வைத்தது. கோல்டு நிரந்தரமாக நிற்கும் பொருளுக்குப் போகட்டும்: கூடுதல் ஹீரோ இடம், எனர்ஜி கொள்ளளவு உயர்வு, கூடுதல் பயிற்சி இடம். இவை ஒருமுறை வாங்கினால் கடைசி நாள் வரை பலன் தரும்.

எந்த மேம்பாடு லாபம் என்பதையும் வகுத்துப் பார்த்தால்தான் தெரியும். மார்வெல் ஸ்னாப் என்ற கார்டு கேம் 2022-ல் வெளிவந்தபோது இருந்த கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கார்டின் முதல் மேம்பாட்டுக்கு 25 கிரெடிட் (அந்த கேமின் பணம்), அதற்கு உங்கள் முன்னேற்றத்தைக் காட்டும் கலெக்ஷன் லெவல் 1 ஏறும். அடுத்தது 100 கிரெடிட்டுக்கு 2, பிறகு 200-க்கு 4, 300-க்கு 6, 400-க்கு 8, 500-க்கு 10. பெரிய மேம்பாடு பெரிய லாபம் மாதிரித் தெரியும். வகுத்தால் முதல் படியில் ஒரு லெவலுக்கு 25, மற்ற எல்லாப் படிகளிலும் 50. பளபளப்பான கார்டு ஆசையை ஒதுக்கிவிட்டு, எல்லாக் கார்டையும் முதல் படி ஏற்றியவர் அதே கிரெடிட்டில் இரண்டு மடங்கு தூரம் போனார். உங்கள் கேமிலும் இப்படி ஒரு மலிவான படி எங்காவது இருக்கும். ஒரு தாளில் பத்து நிமிடம் எழுதிப் பார்த்தால் அகப்பட்டுவிடும்.

இப்போது ஐந்தாவது சாப்டர் பாஸ். இங்கேதான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் லெவல் போதவில்லை என்று நினைத்து எல்லாரும் கடைப்பக்கம் போவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் குறை லெவலில் இல்லை, யாரை அழைத்துப் போனீர்கள், யாரை முதலில் அடித்தீர்கள் என்பதில் இருக்கிறது.

அவெஞ்சர்ஸ் அலையன்ஸில் ஐந்து வகுப்புகள், அதாவது ஹீரோ வகைகள், ஒரு வட்டமாக இருந்தன. பிளாஸ்டர் புரூசரை வெல்லும். புரூசர் ஸ்கிராப்பரை, ஸ்கிராப்பர் இன்ஃபில்ட்ரேட்டரை, இன்ஃபில்ட்ரேட்டர் டாக்டிஷியனை, டாக்டிஷியன் பிளாஸ்டரை வெல்லும். அயர்ன்மேன் பிளாஸ்டர், ஹல்க் புரூசர், வுல்வரின் ஸ்கிராப்பர், பிளாக் விடோ இன்ஃபில்ட்ரேட்டர், கேப்டன் அமெரிக்கா டாக்டிஷியன். சாதகமான வகுப்புக்குக் கிடைத்தது வெறும் பத்து சதவீதக் கூடுதல் டேமேஜ் மாதிரி இல்லை. டாக்டிஷியனுக்குக் கூடுதலாக ஒரு முறை ஆடக் கிடைத்தது. ஸ்கிராப்பருக்கு அடித்த கையோடு இன்னொரு அடி. இன்ஃபில்ட்ரேட்டருக்குத் திருப்பி அடிக்கும் வாய்ப்பு. எதிரே டாக்டிஷியன் பாஸ் நிற்கும்போது உங்களுடைய பலமான ஹீரோ என்பதற்காக அயர்ன்மேனை அழைத்துப் போனால், எதிரிக்கு நீங்களே கூடுதல் வாய்ப்பு கொடுக்கிறீர்கள். இரண்டு லெவல் குறைந்த பிளாக் விடோ அங்கே அதிகம் உதவுவார். எனவே உங்களைத் தோற்கடித்த பாஸின் வகுப்பையும் அவரோடு நிற்கும் இருவரின் வகுப்பையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தக் கதாபாத்திரத்தின் வகுப்பை உடையை மாற்றி மாற்ற முடியுமென்றால் அதையும் மாற்றுங்கள். பலர் தொடாமலே விட்டுவிடும் பொத்தான் அது.

அடுத்தது யாரை முதலில் அடிப்பது. எதிரே மூன்று பேர், ஒவ்வொருவருக்கும் உயிர் 100, ஒவ்வொருவரும் சுற்றுக்கு 20 அடிக்கிறார்கள். உங்கள் டீம் மொத்தமாகச் சுற்றுக்கு 100 அடிக்கிறது, முதல் அடி உங்களுடையது. மூன்று பேர் மேலும் பிரித்து அடித்தால் முதல் சுற்றிலும் இரண்டாம் சுற்றிலும் யாரும் விழ மாட்டார்கள். நீங்கள் வாங்குவது 60, மறுபடி 60. மூன்றாம் சுற்றில் மூவரும் சேர்ந்து விழுவார்கள். மொத்தம் 120 அடி வாங்கியிருப்பீர்கள். ஒருவரை மட்டும் குறிவைத்தால் முதல் சுற்றில் ஒருவர் போய்விடுவார், மிச்சம் இருவர் 40 அடிப்பார்கள். அடுத்த சுற்றில் இன்னொருவர் போக, 20. மூன்றாவதில் கதை முடிந்தது. மொத்தம் 60. அதே ஹீரோ, அதே லெவல், வாங்கிய அடி பாதி. எல்லோர் மீதும் விழும் தாக்குதல் பார்க்க அழகாக இருக்கும். எதிரிகள் மூவரும் ஏற்கனவே சாகும் நிலையில் இருக்கும் நேரத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸோடு துணைக்கு வருபவர்களை முதலில் முடிப்பதா, பாஸையா? துணையாள் உயிரேற்றுபவராகவோ பாதுகாப்புக் கவசம் தருபவராகவோ இருந்தால் அவர்தான் முதல் குறி. சாதாரண ஆட்கள் என்றால் உயிர் குறைந்தவரிலிருந்து தொடங்குங்கள். தீ, விஷம், ரத்தக்கசிவு மாதிரி சுற்றுக்குச் சுற்று கரைக்கும் தாக்குதல்களை ஒரே அடியில் விழப்போகிறவர் மேல் வீணாக்காதீர்கள். அவை பாஸுக்கு, அதுவும் சண்டையின் முதல் சுற்றிலேயே. நாலு சுற்று வேலை செய்ய வேண்டிய விஷத்தைக் கடைசிச் சுற்றில் போட்டு என்ன பயன். எதிரியின் தற்காப்பைக் குறைக்கும் தாக்குதல் இருந்தால் அது பெரிய அடிக்கு முன்னால் போக வேண்டும். இந்த வரிசை மாறிப்போவதால் மட்டுமே தோற்கும் சண்டைகள் ஏராளம். ஆட்டோ பொத்தானை நம்பினால் அது பெரும்பாலும் பெரிய அடியைத்தான் முதலில் எடுக்கும். எளிய சண்டைக்கு ஆட்டோ, பாஸுக்குக் கை.

இதிலிருந்தே யாரை வளர்ப்பது என்பதும் வந்துவிடுகிறது. வகுப்புக்கு ஒருவர், மொத்தம் ஐந்து பேர். கிடைத்த பதினைந்து பேரையும் சமமாக ஏற்றிக்கொண்டிருந்தால் சில்வர் கரைந்து, ஒருவர்கூட பாஸ் முன்னால் நிற்க மாட்டார். ஐவரும் முன்னேறிய பிறகு ஆறாவது ஆளை யோசியுங்கள். பிடித்த ஹீரோ என்பதற்காக வளர்ப்பதில் தப்பில்லை, அவருக்காகத்தானே கேமைத் திறந்தோம். அந்த ஐவரில் அவர் ஒருவராக இருக்கட்டும்.

பெட்டிகள் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். பெட்டியைத் திறந்து வேறு வேறு படங்களைச் சேர்த்து முழுத் தொகுப்பு ஆனால் ஹீரோ கிடைக்கும் என்ற ஏற்பாடு இந்த கேம்களில் பழகியது. எட்டு வகை, எட்டுக்கும் சம வாய்ப்பு என்று வைத்தாலும், முழுத் தொகுப்புக்குச் சராசரியாக 21.7 பெட்டி தேவை. முதல் ஏழு வகைக்குச் சுமார் 14 பெட்டி, கடைசி ஒன்றுக்கு மட்டும் சராசரி 8. "இன்னும் ஒன்றுதானே பாக்கி" என்று தோன்றும் நேரத்தில் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்னும் பாக்கி இருக்கிறது. வாய்ப்புகள் சமமாக இல்லாவிட்டால் இன்னும் மோசம். அதேபோல 1 சதவீத வாய்ப்பு என்றால் நூறு முறையில் கட்டாயம் வரும் என்று அர்த்தமில்லை. நூறு முறையில் வர 63 சதவீதம்தான் வாய்ப்பு, 95 சதவீதத்தைத் தொட ஏறக்குறைய 300 முறை வேண்டும். ஆப்பிள் தன் ஆப் ஸ்டோர் விதிகளில் 2017 டிசம்பரில் இந்த வாய்ப்பு விகிதங்களை வெளியிடச் சொன்னது. 2018-ல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் காசுக்கு விற்கும் இத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. எனவே பெட்டிப் பக்கத்தின் மூலையில் சின்ன எழுத்தில் விகிதம் இருக்கும், படியுங்கள். இலவசமாக வரும் பெட்டியைத் திறங்கள். கோல்டு கொடுத்துப் பெட்டி வாங்காதீர்கள். நேரடியாக விலை போட்டிருக்கும் ஹீரோவுக்கு அதே கோல்டைச் சேர்த்து வையுங்கள்.

குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் வரும் ஈவென்ட்தான் காசில்லாமல் ஆடுபவருக்குப் புது ஹீரோ கிடைக்கும் முக்கிய வழி. அவெஞ்சர்ஸ் அலையன்ஸில் ஸ்பெஷல் ஆப்பரேஷன் என்று வந்தது, பணிகளின் பட்டியலை முடித்தால் ஹீரோ. முதல் நாளே வகுத்துப் பாருங்கள். கடைசிப் பரிசுக்கு 3,000 எனர்ஜி தேவை, 21 நாள், உங்களால் நாளுக்கு 150 செலவிட முடியும் என்றால் கையில் 3,150. ஒரு நாள் தவறினாலே மிச்சம் தீர்ந்துவிடும். இவ்வளவு நெருக்கமாக இருந்தால் அந்த மூன்று வாரமும் மற்ற சாப்டர்களைத் தொடாதீர்கள். தேவை 4,500 என்றால் கடைசிப் பரிசை மறந்துவிட்டு நடுவில் உள்ள பரிசுகளை மட்டும் எடுங்கள். எல்லாவற்றிலும் கேடு, பதினெட்டாம் நாள் வரை ஓட்டிவிட்டு, இவ்வளவு தூரம் வந்தோமே என்று மிச்சத்தைக் கோல்டால் நிரப்புவது. குறிப்பிட்ட ஹீரோ இருந்தால்தான் சில பணிகள் திறக்கும், அதனால் பட்டியலை முழுக்கப் படித்த பிறகே கணக்குப் போடுங்கள். இன்னொரு பழக்கம்: ஈவென்ட் தொடங்குவதற்கு முந்தைய வாரம் வரும் எனர்ஜி கிஃப்டுகளை இன்பாக்ஸிலேயே விட்டு வையுங்கள். காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீரருக்கு வீரர் மோதும் பகுதியில், நீங்கள் இல்லாதபோது உங்கள் டீமை கணினிதான் ஆடும். எனவே தற்காப்புக்கு வைக்கும் டீமும் தாக்கப் போகும் டீமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வரிசை பார்த்து அடிக்க வேண்டிய ஹீரோ கணினி கையில் வீண். தானாகத் திருப்பி அடிப்பவர், தானாக உயிர் ஏறுபவர் தற்காப்புக்கு நல்லவர்கள்.

நண்பர்கள் விஷயம். ஃபேஸ்புக் கேம்களில் கிஃப்ட் என்பது பெரிய வருமானம், நாளுக்கு இருபது பேர் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டால் அது ஒரு கூடுதல் எனர்ஜிப் பட்டைக்குச் சமமாகலாம். ஆனால் வீட்டுக்காரர்களுக்கும் அலுவலக ஆட்களுக்கும் அழைப்பு அனுப்பிப் பயனில்லை. ஆடாதவர் அந்த அழைப்பை மியூட் செய்துவிடுவார், சிலர் உங்களையும் சேர்த்தே மியூட் செய்துவிடுவார்கள். அதே கேமை ஆடுபவர்கள் கூடும் குழுவில் சேர்ந்து, தினமும் திருப்பி அனுப்புபவர்களை மட்டும் நண்பராக்குங்கள். அவர்களுக்கென்று ஒரு தனி நண்பர் பட்டியல் வைத்து, குடும்பப் படங்களும் சொந்த விவரங்களும் அந்தப் பட்டியலுக்குத் தெரியாதபடி அமையுங்கள்.  கிஃப்டுக்காக இரண்டாவது கணக்கு திறக்காதீர்கள். ஒருவருக்கு ஒரு சொந்தக் கணக்கு என்பது ஃபேஸ்புக்கின் விதி, மாட்டினால் முன்னேற்றம் இருக்கும் கணக்கும் சேர்ந்து போகலாம்.

இலவசக் கோல்டு தருவதாகச் சொல்லும் பக்கங்கள் எதுவும் தராது. கோல்டின் கணக்கு கேம் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது, வெளியிலிருந்து ஒரு பக்கம் அதைக் கூட்ட முடியாது. அவர்களுக்குத் தேவை உங்கள் பாஸ்வேர்டு. இன்னொரு வகை, "இந்த வரிகளை பிரவுசரின் கன்சோலில் ஒட்டினால் எனர்ஜி தீராது" என்பது. கன்சோல் என்பது பிரவுசருக்கு நேரடியாகக் கட்டளை எழுதும் பகுதி. அந்த வரிகள் உங்கள் கணக்கிலிருந்தபடியே ஓடி, உங்கள் பெயரில் எதையும் செய்யும். ஃபேஸ்புக்கில் கன்சோலைத் திறந்தாலே பெரிய எழுத்தில் நிறுத்தச் சொல்லும் எச்சரிக்கை வருவது இதற்காகத்தான். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு வையுங்கள், ஃபேஸ்புக் கணக்கு போனால் கேமும் அதோடு போகும். கேமுக்குள் உள்ள உங்கள் பிளேயர் எண்ணை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் பிறகு உதவிக்குழுவிடம் கேட்க வழி இருக்கும்.

ஜெயித்த சண்டைக்குப் பரிசு வரவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் ஒரே கேம் இரண்டு டேபில், அல்லது கணினியிலும் போனிலும் சேர்ந்து திறந்திருப்பது. சர்வர் ஒன்றின் நிலையைத்தான் ஏற்கும், மற்றது பின்னால் போய்விடும். ஒன்றை மூடுங்கள். பரிசுத் திரை முழுசாக வந்து அடுத்த பக்கம் திறக்கும் முன் ரீலோடு செய்யாதீர்கள். அப்படியும் தொடர்ந்தால் பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் தற்காலிகக் கோப்புகளை (கேஷ்) அழியுங்கள்.

கொஞ்சம் பணம் போட்டே ஆடலாம் என்று தோன்றினால் அதிலும் தவறில்லை, உங்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. மாத வரம்பை முன்பே முடிவு செய்யுங்கள். வாங்க வேண்டிய பொருளுக்கு 600 ஜெம் (காசு கொடுத்து வாங்கும் கேம் பணம்), விற்கும் பொதியில் 550 என்ற ஏற்பாடு அடிக்கடி இருக்கும். இரண்டு பொதி வாங்க வைத்து, மிச்சம் 500-ஐக் காட்டி மறுபடி இழுப்பதற்காக அது. விலையை ஜெம்மில் பார்க்காமல், அந்த ஹீரோவுக்கு மொத்தம் எவ்வளவு பணம் போகிறது என்று மாற்றிப் பாருங்கள். நிரந்தரப் பலன் தரும் ஆரம்பப் பொதி அல்லது தினமும் கொஞ்சம் தரும் மாதப் பொதி பரவாயில்லை. ஈவென்டின் கடைசி நாளில் எதையும் வாங்க வேண்டாம். வீட்டில் குழந்தைகள் அதே கருவியைத் தொடுவார்கள் என்றால் ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள்.

எவ்வளவு போட்டாலும் அந்த ஹீரோக்கள் உங்களுக்குச் சொந்தமில்லை என்பதையும் சேர்த்தே கணக்கிடுங்கள். நான்கரை வருடம் ஓடிய அவெஞ்சர்ஸ் அலையன்ஸ் ஒரே நாளில் இல்லாமல் போனது. மார்வெல் ஹீரோஸ் என்ற இன்னொரு கேமும் 2017 நவம்பர் 27-ல் மூடப்பட்டது. உங்கள் கேமில் புது ஈவென்ட் வருவது நின்று, பழையதே சுழல ஆரம்பித்தால், அல்லது அடுத்தடுத்து பெரிய தள்ளுபடி வந்தால் பணம் போடுவதை அன்றே நிறுத்திவிடுங்கள். ஆடுவதைத் தொடரலாம். நீங்களாக விலகும்போது ஆப்பை நீக்கினால் மட்டும் போதாது. ஃபேஸ்புக் செட்டிங்ஸில் "ஆப்ஸ் அண்டு வெப்சைட்ஸ்" பகுதிக்குப் போய் அந்த கேமைத் தேர்ந்தெடுத்து அனுமதியை நீக்குங்கள். ஏற்கனவே அவர்களிடம் போன தகவல் அப்படியே இருக்கும், அதை அழிக்க கேம் நிறுவனத்துக்குத் தனியாக எழுத வேண்டும். அப்போது அந்த பிளேயர் எண் மறுபடி தேவைப்படும்.